தலைப்பிரசவம், கூடவே பிரஷர்: எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி?

முதல் கர்ப்பம். ஏழு மாதம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். 30-ஆவது வாரச் செக்கப்பில் பிரஷர் 144/92 காட்டும். உட்கார வைத்து, நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாலும் இறங்கியிருக்காது. அட்டையில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அன்று இரவே வீட்டில் மூன்று பேச்சு தொடங்கிவிடும். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பலாமா? அரசு மருத்துவமனையா, தனியாரா? வலி வரும்வரை காத்திருப்பதா, மருந்து வைத்து வலியை வர வைப்பதா, நேராகச் சிசேரியனுக்குப் போவதா?

இந்த மூன்றையும் தமிழ்நாட்டுச் சூழலில் வைத்துப் பார்க்கிறோம். முதன்மை உதாரணம் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு இது வரும் வாய்ப்பு, இரண்டாவது மூன்றாவது பிரசவக்காரர்களைவிட அதிகம். கர்ப்பகால சுகர் எங்கே கணக்கை மாற்றுகிறதோ அங்கே அதையும் சொல்கிறோம். மூன்று முடிவுக்கும் ஒரே உரைகல்தான் வைத்திருக்கிறோம்: ராத்திரி இரண்டு மணிக்கு நிலைமை திடீரென மாறினால், அரை மணி நேரத்துக்குள் கைக்கு என்ன கிடைக்கும்?

முதலில் பிரஷரின் குணம்

20 வாரத்துக்குப் பிறகு மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90-ஐத் தொட்டு, நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அப்படியே இருந்தால் அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். அதோடு சிறுநீரில் புரதம் போனாலோ, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தாலோ, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் கெட்டாலோ அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. ‘யூரினில் உப்பு போகிறது’ என்று செவிலியர் சொல்வது இந்தப் புரதத்தைத்தான். அதைக் கேட்டுச் சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. உப்பை நிறுத்துவதால் இந்த நோய் நிற்காது. இதன் வேர் நஞ்சுக்கொடியில் (சுருக்கமாக ‘நஞ்சு’) இருக்கிறது. நஞ்சு சரியாக வேரூன்றாதபோது அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. குழந்தையும் நஞ்சும் வெளியே வருவதுதான் தீர்வு. லேபெட்டலால், நிஃபெடிபைன், மெத்தில்டோபா மாத்திரைகள் பிரஷரை அடக்கும், நோயை நிறுத்தாது.

அதனால்தான் ‘மாத்திரை போட்டதும் பிரஷர் நார்மல், இனி பயமில்லை’ என்று நினைத்துவிடக் கூடாது. இது சில மணி நேரத்தில் முகம் மாறும் நோய். 160/110-ஐத் தொட்டுக் கால் மணி நேரம் இறங்காமல் நின்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் மூளையில் ரத்தக் கசிவு வரலாம். இந்த ஒரு மணி நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாய்வீடா, இருக்கும் ஊரா?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. அம்மாவின் கை, தூக்கம், வேளைக்குச் சோறு, பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் — ஹை ரிஸ்க் கர்ப்பத்துக்கு இவை அத்தனையும் மருந்தைப் போலவே வேண்டும். ஆகவே ‘போகவே கூடாது’ என்று நாங்கள் சொல்லவில்லை. எப்போது போகிறாள், எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், போய்ச் சேரும் ஊரில் எவ்வளவு தூரத்தில் என்ன ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அன்றே அழைத்துப் போகிறார்கள். ஒன்பதாம் மாதம் போகும் பெண், பிரஷர் பெரும்பாலும் ஏறும் காலத்தில், அவளை அதுவரை பார்த்திராத ஒரு மருத்துவர் முன் போய் நிற்கிறாள். அவர் கையில் பழைய அளவுகள் இருக்காது. இது பழைய பிரஷரா, கர்ப்பத்தில் வந்ததா, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராமில் ஆரம்பித்தது என்று எதுவும் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசம், முதல் ஸ்கேன் காகிதம் வராமல் போவது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் கர்ப்பத்தின் வயதை நம்பகமாகச் சொல்லும். எட்டாம் மாத ஸ்கேனில் வரும் தேதி இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே இருக்கலாம். பிரஷர்காரிக்கு 37 வாரத்தில் பிரசவம் என்று முடிவெடுக்கும்போது, கணக்கு தப்பினால் 35 வாரப் பிள்ளை மூச்சுத் திணறலோடு வெளியே வந்து நிற்கும்.

போவதென்றால் 32 வாரத்துக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் கருத்து. புது ஊரில் குறைந்தது இரண்டு மூன்று செக்கப் நடந்தால்தான் அங்குள்ள மருத்துவருக்கு அவளுடைய போக்கு பிடிபடும். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியிருப்பீர்கள். தமிழ்நாட்டுக்குள் எந்த ஊருக்குப் போனாலும் அதே எண்தான். பழைய ஊரின் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதார செவிலியரிடம் ‘இன்ன ஊருக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு, புது ஊர் செவிலியரிடம் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய்க்கும் (14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக) இந்த எண் வேண்டும். பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ வருகிறவர்கள் வந்ததும் முதல் வேலையாக இந்தப் பதிவைக் கேளுங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை: அம்மா இங்கே வருவது. பெண் இருக்கும் ஊரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்து, தாய்வீடு இருக்கும் கிராமத்திலிருந்து சிசேரியன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால், பெண்ணை நகர்த்துவதைவிட அம்மாவை நகர்த்துவது எளிது. சம்பந்தி வீட்டில் மூன்று மாதம் எப்படித் தங்குவது என்ற சங்கடம் உண்மையானது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தால் அதுவும் தீர்ந்துவிடும். பிரஷர் ஏற்கெனவே 150-ஐத் தாண்டி மாத்திரையில் இருப்பவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், குழந்தை வளர்ச்சி குறைவு என்று ஸ்கேனில் எழுதப்பட்டவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள் — இவர்களுக்கு இந்த மூன்றாவது வழியைத்தான் முதலாவதாகச் சொல்வோம்.

வளைகாப்பை விட வேண்டியதில்லை. 28 வாரம் வாக்கில் காலையில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாத்திரையை விழாப் பரபரப்பில் விட்டுவிடாமல் இருக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சுகர் இருந்தால் ஏழு வகைச் சோற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி என்பதே மொத்தமாகப் பெரிய அளவாகிவிடும். இரண்டு வகையோடு நிறுத்தலாம்.

எந்த ஆஸ்பத்திரி?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். மயக்க மருத்துவர் இரவிலும் உள்ளேயே இருக்கிறாரா, போன் செய்தால்தான் வருவாரா? ரத்த வங்கி வளாகத்திலேயே இருக்கிறதா, இல்லையென்றால் ஒரு யூனிட் வந்து சேர எவ்வளவு நேரம்? பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த வாரம், எந்த எடை வரைக்கும் பார்க்கும்? இந்த பிரஷரால் வலிப்பு வந்தால் தாயை வைத்துப் பார்க்கத் தீவிர சிகிச்சைப் படுக்கை உண்டா? நாலுக்கும் தெளிவான பதில் சொல்லும் இடம் சின்னதாக இருந்தாலும் சரி. பதில் மழுப்பலாக வந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தப் பிரசவத்துக்கு அது வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையம் சிக்கலில்லாத சுகப்பிரசவத்துக்கு நல்ல இடம். ஹை ரிஸ்க் பிரசவம் அங்கே நடக்கக் கூடாது, நடத்தவும் மாட்டார்கள். ஆனால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். வாரம் இரண்டு முறை பிரஷர் பார்க்க, சிறுநீர் சோதிக்க, இரும்புச் சத்து கொடுக்க அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. வீட்டில் திடீரென வலிப்பு வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன், வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் மருந்தின் முதல் டோஸை, இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம், அங்கேயே போட்டு அனுப்ப முடியும். அந்த ஊசி போடாமல் 40 கிலோமீட்டர் பயணம் செய்யும் தாய்க்கு வழியிலேயே இரண்டாவது வலிப்பு வரலாம்.

சீமாங் மையம் என்று பெயர்ப் பலகை இருக்கும் அரசு மருத்துவமனைகளை இந்தக் கர்ப்பத்துக்கு அடிப்படைத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரமும் சிசேரியன், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மூன்றும் ஒரே இடத்தில் தருவதற்காகவே ஏற்படுத்தப்பட்டவை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், குறிப்பிட்ட சில வட்ட மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. பிரஷரோடு இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, 32 வாரத்துக்கு முன் பிரசவ வாய்ப்பு என்று ஏதாவது சேர்ந்தால் மருத்துவக் கல்லூரிதான். சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை மாதிரியான இடங்களில் இத்தகைய கேஸ்கள் அன்றாடம் வருகின்றன. அடிக்கடி பார்க்கும் கைகளுக்கு வேகம் தானாக வரும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் இருக்கும். ஒரே மருத்துவர் ஒவ்வொரு முறையும் பார்க்க மாட்டார். பேச்சில் கனிவு ஆளுக்கு ஆள் மாறும். பெண் உறவினர் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கும் முறை தமிழக அரசு மருத்துவமனைகளில் பல காலமாக இருக்கிறது. அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் தொடர்ந்து இருந்தால் பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அழுதுகொண்டே இருக்கும் உறவினர் வேண்டாம். தாமே பிள்ளை பெற்ற, பதறாத ஒரு அத்தையோ அக்காவோ போதும்.

தனியாரில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மகப்பேறு மருத்துவர் நடத்தும் பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் ஒன்று. எல்லாத் துறையும் உள்ள பெரிய மருத்துவமனை இன்னொன்று. நர்சிங் ஹோமில் அந்த மருத்துவர் ஒன்பது மாதமும் உங்களை அறிந்தவர் என்பது பெரிய பலம். ஆனால் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருவார், ரத்தம் வெளியிலிருந்து வரும், குழந்தைக்குச் சிக்கல் என்றால் குழந்தை மட்டும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும். தையல் போட்ட தாய் இங்கே, பிள்ளை அங்கே, அப்பா இரண்டுக்கும் நடுவில். ஹை ரிஸ்க் பிரசவத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது நள்ளிரவு ‘ரெஃபர்’. பிரஷர் 170-க்கு ஏறிய பிறகு, கையில் சரியான குறிப்பில்லாமல், ரத்தம் ஏற்பாடு செய்யாமல், முன்பின் தெரியாத வாசலில் போய் இறங்குவது. அந்த நர்சிங் ஹோம் மருத்துவரிடம் 32 வாரத்திலேயே நேராகக் கேளுங்கள்: ‘டாக்டர், அனுப்ப வேண்டி வந்தால் எங்கே அனுப்புவீர்கள், எந்த அளவில் அனுப்புவீர்கள்?’ நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

பெரிய தனியார் மருத்துவமனையில் நாலு கேள்விக்கும் ‘உண்டு’ என்ற பதில் கிடைக்கும். செலவு அங்கே இரண்டு பில்லாக வரும் என்பதை மறக்காதீர்கள்: தாய்க்கு ஒன்று, பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் நாள் கணக்கில் இன்னொன்று. பெரும்பாலான காப்பீட்டுப் பாலிசிகளில் மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பம் ஆனபின் எடுத்த பாலிசி இதற்கு உதவாது. அரசு மருத்துவமனையில் 2011 முதல் நடப்பில் இருக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். 108 வண்டியும் இலவசம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மொத்தப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்த இடைவெளியை வைத்து ‘தனியார் என்றாலே கத்தி’ என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் உங்கள் மருத்துவரிடம் ‘தலைப்பிரசவத்தில், பிரஷருக்காக வலி வர வைத்தவர்களில் எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது?’ என்று கேட்க அது போதுமான காரணம்.

கையில் பணம் குறைவு, பயம் அதிகம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு கலப்பு வழியும் உண்டு. வழக்கமான செக்கப் தெரிந்த தனியார் மருத்துவரிடம். கூடவே சீமாங் மருத்துவமனையிலும் பதிவு, மாதம் ஒரு முறையாவது அங்கும் தலைகாட்டல். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சிறப்பு முகாமுக்குப் போனால் மருத்துவரே பார்ப்பார். எந்தப் பக்கம் போனாலும் ஒரே கோப்பு, ஒரே மாத்திரைப் பட்டியல். இருவர் தனித்தனியாக மருந்து எழுதி இரண்டையும் சாப்பிடும் குளறுபடி இந்த வழியில்தான் நடக்கிறது.

காத்திருப்பதா, வர வைப்பதா, அறுப்பதா?

இதில்தான் அதிகம் குழப்பம். வாரத்தை வைத்துப் பேசினால் பாதி தெளிந்துவிடும்.

34 வாரத்துக்கு முன், தாய்க்கும் பிள்ளைக்கும் உடனடி ஆபத்தில்லை என்றால் காத்திருப்புதான் வழி. அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில். ஒவ்வொரு நாளும் பிள்ளையின் நுரையீரலுக்கு லாபம். சீக்கிரம் பிரசவம் ஆகலாம் என்று தோன்றினால், பிள்ளையின் நுரையீரல் பக்குவப்பட டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போடுவார்கள். சுகர் உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். அந்த நாட்களில் இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 34 தாண்டிய பிறகு கடுமையான அறிகுறிகளோடு ப்ரீஎக்ளாம்ப்சியா என்றால் காத்திருப்பதில் பொருளில்லை. கடுமை இல்லாத ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு எல்லைக்கோடு 37 வாரம். கர்ப்பத்தில் வந்த பிரஷர் மட்டும்தான் என்றாலும் 37-ஐத் தாண்டி நாட்களை நீட்டுவதற்குக் காரணம் குறைவு.

நெதர்லாந்தில் நடந்த ஹிபிடாட் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. 36 வாரம் தாண்டிய, கடுமையில்லாத பிரஷர்காரப் பெண்கள் 756 பேரில் ஒரு பாதிக்கு வலி வர வைத்தார்கள், மறு பாதியைக் கண்காணித்துக் காத்திருந்தார்கள். தாய்க்கு மோசமான விளைவு முதல் குழுவில் 31 விழுக்காடு, காத்திருந்த குழுவில் 44. சிசேரியன் முதல் குழுவில் 14, காத்திருந்த குழுவில் 19. ‘ஊசி போட்டு வலி வர வைத்தால் கடைசியில் ஆபரேஷனில்தான் முடியும்’ என்று ஊரில் சொல்வதை இந்த எண்ணிக்கை ஆதரிக்கவில்லை. ஊர்ச்சொல்லுக்கும் காரணம் இல்லாமல் இல்லை: அவசரப்பட்டு, கருப்பை வாய் பழுக்காத (மென்மையாகாத) நிலையில் நேராக, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றினால் அப்படித்தான் முடியும்.

வர வைப்பது என்றால் என்னவென்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். முதலில் மருத்துவர் விரலால் கருப்பை வாயைச் சோதித்து மதிப்பெண் போடுவார்: எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கடினமா, முன்னோக்கியா பின்னோக்கியா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. பிஷப் ஸ்கோர் என்பார்கள். 6-க்குக் கீழே என்றால் வாய் இன்னும் தயாரில்லை. முதலில் அதைப் பழுக்க வைக்க வேண்டும். அதற்கு மூன்று வழி பரவலாக உண்டு. ஒன்று, ஃபோலி குழாயை (சிறுநீர் வடிக்கப் பயன்படும் பலூன் குழாய்) கருப்பை வாய்க்குள் செலுத்தி அதன் பலூனை 30 முதல் 60 மில்லி நீரால் நிரப்பி வைப்பது. வாய் மூன்று சென்டிமீட்டர் போலத் திறந்ததும் அது தானாக விழும். மற்றொன்று, மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, விழுங்கும் மருந்தாக. மூன்றாவது, டைனோப்ரோஸ்டோன் ஜெல். நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், பிரஷருள்ள 602 பெண்களிடம் நடந்த இன்ஃபார்ம் ஆய்வு (2017) முதல் இரண்டையும் ஒப்பிட்டது. 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மிசோப்ரோஸ்டாலில் 57 விழுக்காடு, ஃபோலியில் 47. நம் ஊர் அரசு மருத்துவமனை போன்ற இடத்தில், நம் பெண்களைப் போன்றவர்களிடம் நடந்தது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தால் கருப்பையை அதிகம் தூண்டாத ஃபோலியைச் சில மருத்துவர்கள் விரும்புவார்கள். அதிலும் நியாயம் உண்டு.

இதில் தவறுவது எங்கே? பெரும்பாலும் பொறுமையில். அந்த 57 விழுக்காட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: நல்ல முறையில் செய்தும் நூற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு 24 மணி நேரத்தில் சுகப்பிரசவம் முடியவில்லை. தலைப்பிரசவத்தில் வலி வர வைத்தால் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகலாம். ஐந்து சென்டிமீட்டர் திறப்புக்குப் பிறகுதான் வேகமான கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் சொல்கிறது. மூன்று சென்டிமீட்டரில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்பதற்காகவே ‘வலி ஏறவில்லை, ஆபரேஷன்’ என்று சொன்னால், தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு ஆபத்து இருக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள். வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘பிள்ளை துடிக்குது, எப்படியாவது எடுத்துடுங்க’ என்று மணிக்கொருதரம் போய் நின்றால் எந்த மருத்துவருக்கும் கை தளரும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். மருந்து அதிகமாகி, பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் பிள்ளைக்கு ரத்த ஓட்டம் குறையும். அதனால்தான் மருந்து வைத்தபின் பிள்ளையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள்.

சிசேரியன் எப்போது நேரடியாகச் சரி? வலிப்பு வந்தும் பிரசவம் தொலைவில் இருக்கும்போது, நஞ்சு பிரிந்து தாயின் நிலையோ பிள்ளையின் துடிப்போ மோசமாகும்போது, டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியின் ரத்தம் பின்னோக்கிப் பாயும்போது, நஞ்சு கருப்பை வாயை மறைத்திருக்கும்போது, குழந்தை குறுக்கே கிடக்கும்போது. இப்படிப்பட்ட நேரத்தில் சிசேரியனைத் தோல்வியாக எண்ணி அழ வேண்டியதில்லை. பிரஷர் இருக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது. பிரஷர்காரிக்கு சிசேரியனில் ரத்தப் போக்கு அதிகம், தட்டணு குறைந்தால் முதுகு ஊசி போட முடியாமல் முழு மயக்கம் தர வேண்டியிருக்கும், முழு மயக்கத்தில் தொண்டைக் குழாய் வைக்கும்போது பிரஷர் திடீரென ஏறும். அடுத்த கர்ப்பத்தில் தழும்பும், தழும்பில் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் அபாயமும் பின்தொடரும். ஒரு பிள்ளையோடு நிறுத்தப் போகிறவருக்கும், மூன்று பிள்ளை வேண்டும் என்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல.

நட்சத்திரம் பார்த்து நேரம் குறிக்கும் பழக்கத்தைப் பற்றி: மருத்துவர் சிசேரியன் என்று முடிவு செய்து, ‘இந்த மூன்று நாளில் எப்போது வேண்டுமானாலும்’ என்று சொல்லியிருந்தால், அதற்குள் நல்ல நேரம் பார்ப்பதில் கெடுதல் இல்லை. நேரத்துக்காக ஒரு வாரம் முன்னால் இழுத்தால் பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு. பிரஷர் ஏறிக்கொண்டிருக்கும்போது நேரத்துக்காக ஒரு நாள் தள்ளினால் தாய்க்கு உயிராபத்து.

சுகருக்குக் கணக்கு வேறு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சுகர். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், சாப்பிட்டு இரண்டு மணியில் 120-க்குள்ளும் நின்றால் 39 வாரம் தாண்டியும் காத்திருக்கலாம். மாத்திரையிலோ இன்சுலினிலோ கட்டுக்குள் இருந்தால் 39 வாரம் ஆனதும் பிரசவம். ‘பிள்ளை நாலு கிலோ, சிசேரியன்தான்’ என்று ஸ்கேனை வைத்து மட்டும் சொன்னால், ஸ்கேன் எடை பத்துப் பதினைந்து விழுக்காடு தப்பலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிரஷரும் சுகரும் சேர்ந்திருந்தால் பிரஷரின் தேதிதான் முந்தும்.

எங்கள் தேர்வைக் கேட்டால்: பிரஷர் மாத்திரையில் அடங்கியிருக்கிறது, தலை கீழே இருக்கிறது, பிள்ளையின் வளர்ச்சி சரி என்றால், சீமாங் வசதியுள்ள இடத்தில் 37 வாரம் முடிந்ததும் உள்நோயாளியாகச் சேர்ந்து, கருப்பை வாயைப் பழுக்க வைத்து, நிதானமாக வலி வர வைப்பது. தானாக வலி வரட்டும் என்று வீட்டில் 40 வாரம் வரை உட்கார்ந்திருப்பதுதான் மூன்றிலும் மோசமான வழி.

அறைக்குள்

வலி குறைக்க முதுகில் குழாய் வழியாக மருந்து தரும் எபிடியூரல் பிரஷர்காரிக்கு ஆடம்பரம் இல்லை. வலியால் ஏறும் பிரஷரையும் அது தணிக்கும். அதற்குத் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், ஆகவே சேரும்போதே ரத்தச் சோதனை. மெக்னீசியம் போட்டால் உடம்பெல்லாம் தீயாகச் சுடும், முகம் சிவக்கும், குமட்டும். அது மருந்தின் இயல்பு, ஒவ்வாமை என்று அஞ்ச வேண்டாம். மூட்டுத் தட்டிப் பார்ப்பது, மூச்சு எண்ணுவது, சிறுநீர் அளப்பது எல்லாம் அந்த மருந்து உடம்பில் மிகாமல் பார்க்கத்தான். பிரசவத்துக்குப் பின் ரத்தப் போக்கைத் தடுக்கப் போடும் ஊசிகளில் மெதர்ஜின் பிரஷர்காரிக்கு ஆகாது. எல்லா மருத்துவருக்கும் தெரிந்ததே. ஆனால் ஆள் மாறும் நேரத்தில் தவறலாம் என்பதால், உடனிருப்பவர் ‘இவளுக்கு பிரஷர் உண்டு’ என்று புதிதாக வரும் செவிலியரிடம் சொல்வது தலையீடு ஆகாது. அதே ரத்த வகையுள்ள இரண்டு உறவினர்களின் போன் எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிள்ளை பிறந்தாயிற்று, பிரஷர் போய்விடும் என்று எல்லோரும் மூச்சு விடும் நேரம். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் மறுபடி உச்சிக்குப் போகும். சுகப்பிரசவமானவர்களை மூன்றாம் நாள் வாக்கில் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் மேல்கையில் கட்டும் மின்னணுக் கருவி ஒன்று வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில், கால் தரையில், பேசாமல், காலையும் மாலையும் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அளவு பார்த்து வாங்குங்கள். 150-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர். 160 அல்லது 110 என்றால் உடனே 108.

விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணுக்குள் மின்னல், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி, மூச்சிரைப்பு. பிரசவத்துக்கு முன்னும், பின்னர் ஆறு வாரம் வரைக்கும், இவற்றுக்குச் சுக்குப் பற்றும் தைலமும் மருந்தல்ல. ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று பாட்டி சொல்வதும், ‘கேஸ் பிடிச்சிருக்கு’ என்று ஓமத் தண்ணீர் கொடுப்பதும் இந்த ஒரு விஷயத்தில் உயிரைப் பறிக்கும். பாட்டியிடம் முன்கூட்டியே, மரியாதையோடு, இதைச் சொல்லி வையுங்கள். நெஞ்சுக்குழி வலியை வாயு என்று நினைப்பதுதான் நாம் அடிக்கடி காணும் தாமதம். அது கல்லீரல் வீங்கும் வலியாக இருக்கலாம். பத்தியச் சாப்பாடு இருக்கட்டும். தண்ணீரைக் குறைப்பது வேண்டாம், பிரஷர் மாத்திரையைத் தாய்ப்பாலுக்காக நிறுத்துவதும் வேண்டாம். லேபெட்டலால், நிஃபெடிபைன் இரண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை.

சுகர்காரியின் பிள்ளைக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் போக வேண்டும். அதன் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும் என்பதால் சேனையும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துத் தாய்ப்பாலைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆறாம் வாரம் தாயும் பிள்ளையும் சேர்ந்து போங்கள். பிரஷர் இன்னும் இருந்தால் அது கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருந்ததாக இருக்கலாம்; சிறுநீரகச் சோதனை தேவைப்படும். சுகர் இருந்தவர்களுக்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. அடுத்த கர்ப்பம் எப்போது வந்தாலும் இந்தக் கோப்பை முதல் செக்கப்பிலேயே காட்டுங்கள். 12-ஆவது வாரத்திலிருந்து, 16 வாரத்துக்கு முன்பாக, இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். ஐந்தாம் மாதம் போய்க் காட்டினால் அந்த வாரங்கள் கடந்து போயிருக்கும்.